மடியில் வந்த காய்ச்சல்

மார்கழிக் கடைசியில் எங்கள் ஊரில் யாருக்கும் உடம்புக்கு வரக்கூடாது. வந்தாலும் வெளியே சொல்லக்கூடாது. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தி போர்த்திக்கொண்டு படுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது, பரணில் கிடக்கிற பாத்திரத்தை எல்லாம் இறக்கிக் கழுவுவது, வாசலுக்குச் சாணி தெளிப்பது என்று அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில்தான். அதனால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு நடமாடுவது எங்களுக்கு ஒரு திறமை. அந்தத் திறமையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதுதான் போன பொங்கலுக்கு என்னைக் கொல்லப் பார்த்தது.

என் பெயர் சுமதி. வயது நாற்பத்தொன்று. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். சொந்த நிலம் இல்லை. நடவு, களையெடுப்பு, கரும்பில் காய்ந்த இலையை, அதாவது சோகையை, உரிப்பது என்று கூலி வேலைக்குப் போகிறவள். பத்தாவது வரை படித்திருப்பதால் மகளிர் குழுக் கூட்டத்து நோட்டை எழுதுகிறவளும் நான்தான். என் கணவர் ஏழுமலை, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஓட்டுகிறார். மகள் திவ்யா கள்ளக்குறிச்சியில் காலேஜ் இரண்டாம் வருஷம். இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. குழுக் கூட்டத்தில் வாயால் சொன்னபோது பாதிப் பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். எழுதி வைத்தால் தனியாக உட்கார்ந்து படிப்பார்கள் இல்லையா, அதற்காக எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் எனக்கும் என் ஓரகத்தி கோவிந்தம்மாவுக்கும் வருஷா வருஷம் ஒரு வேலை உண்டு. கோவிந்தம்மா என் கணவருடைய அண்ணன் சம்சாரம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அடுத்தடுத்த வீடு, ஒரே கொல்லை. போகியன்று எங்கள் பக்கம் வாசல் நிலையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கட்டிச் செருகுவோம். நோய் நொடி அண்டாது என்பது நம்பிக்கை. இந்தப் பூவைப் பறித்துக் கட்டு கட்டாகக் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் விற்பது எங்கள் இரண்டு பேர் வேலை. ஆவாரம்பூ வாடிவிடும், கடைசி நேரத்தில்தான் பறிக்க வேண்டும். பூளைப்பூ அப்படி இல்லை. பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும், நாள் கணக்கில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். அதனால் இரண்டு வாரம் முன்னாலேயே மலையடிவாரப் புதருக்குள் போய்ச் சேர்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அந்தச் செடி முழங்கால் உயரம்கூட வராது. குனிந்து பறித்தால் இடுப்பு போய்விடும். ஈரப் புல்லில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பறிக்க வேண்டும். கையில் கோணியை இழுத்துக்கொண்டு திரிந்தால் வேலை ஓடாது. முந்தானையை முன்னால் மடித்து இரண்டு பக்கமும் இடுப்பில் செருகி மடி கட்டிக்கொள்வோம். பூ, புல், தூசி எல்லாம் மடியில்தான் விழும். மடி நிறைந்தால் போய்க் கோணியில் கொட்டிவிட்டு வருவோம். காலையில் போனால் உச்சிப் பொழுது வரை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அந்த மடி கிடக்கும். என் மடிதான் முதலில் நிறையும். இதில் எனக்கும் கோவிந்தம்மாவுக்கும் எப்போதும் போட்டி.

போகிக்கு நான்கு நாள் முன்னால் குளிர் எடுத்தது. மார்கழிப் பனிதானே என்று விட்டேன். மறுநாள் கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துகிற மாதிரித் தலைவலி. மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தேன். சாயந்திரம் குளிக்கும்போது இடுப்பில், இடது பக்கம், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் ஒரு புண் தெரிந்தது. மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். நடுவில் கறுப்பாகப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பெண்களுக்கு இது தெரிந்த சங்கதி. நாடாவை இறுக்கிக் கட்டி வேர்வையோடு நாள் பூரா வேலை செய்தால் அந்த இடம் கறுத்துப் போகும், சில நேரம் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நாடாவை அரை விரல் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். புண்ணைப் பற்றி அவ்வளவுதான் யோசித்தேன்.

போகி அன்றைக்குக் காலையில் கள்ளக்குறிச்சியில் கடைத்தெரு ஓரத்தில் சாக்கை விரித்துக் கட்டுகளை அடுக்கினோம். வாங்க வருகிறவர்களின் முகம் எனக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஒரு மூட்டையை ஷேர் ஆட்டோவிலிருந்து தூக்கும்போது கை நடுங்கிக் கீழே போட்டுவிட்டேன். பூ சிதறியது. கோவிந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தா பாரு, ஆரம்பிச்சிட்டா. மூட்டை தூக்கற நேரம் வந்தா இவளுக்குக் காய்ச்சல் வந்துடும். நடிக்கறதுக்கு இவகிட்டதான் கத்துக்கணும்!"

எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே இறங்கிவிட்டது போலிருந்தது. "யாருடி நடிக்கறது? உம் மூட்டையையும் சேத்து நான் தூக்கறன் பாரு" என்று சொல்லி, சொன்னபடி தூக்கவும் செய்தேன். அக்கா என்று கூப்பிடுகிற வாயால் டி போட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. சாயந்திரம் திரும்பும்போது ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். "பொங்கல் கழிச்சும் காய்ச்சல் இருந்தா ரத்தம் பாத்துக்கலாம்" என்றார்கள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

பெரும்பொங்கலன்று என் கணவர் ஊரில் இல்லை. ஆலைக்கு வெளியே லோடு வண்டிகளின் வரிசை நீண்டு கிடந்தது. வரிசையை விட்டு வந்தால் இடம் போய்விடும். வாசலில் அடுப்பு மூட்டி, புதுப்பானை வைத்துப் பொங்கினது நான்தான். பானை பொங்கி வழிந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்று கத்த வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. இரண்டு படி ஏறினால் இளைத்தது. சர்க்கரைப் பொங்கல் மண் மாதிரி இருந்தது வாய்க்கு. திவ்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்னும் இல்லடி, அலுப்பு" என்றேன்.

மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டு இருந்தவள் அப்படியே கொட்டகையில் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது திவ்யா மடியில் என் தலை. கணவருடைய அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தை பொறந்து மூணு நாளும் கரிநாளு. இன்னிக்குப் போயி ஆஸ்பத்திரி வாசல மிதிக்கக் கூடாது. நாளான்னிக்குக் காலையில போலாம். பொங்க வேல ஜாஸ்தி, அதான் அலுப்பு."

என் மகள் எழுந்து நின்றாள். பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பெண் அவள்.

"பெரிப்பா, எங்கம்மா மூச்ச எண்ணிப் பாத்தேன். நிமிஷத்துக்கு முப்பத்தாறு வாட்டி வாங்குது. நாளான்னிக்கு நீங்க கூட்டிக்கினு போறதுக்கு இவ இருக்க மாட்டா. நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டேன்."

இதை எழுதும்போதுகூட எனக்கு மார்பு விம்முகிறது. காலேஜில் அவள் படிப்பது கணக்கு. மூச்சை எண்ணத் தெரிந்திருக்கிறதே, அது போதும். கோவிந்தம்மா தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தாள், கிட்டே வரவில்லை.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் போய் இறங்கினதும் விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். நம்பரைப் பார்த்த உடனே மூக்கில் குழாய் வைத்தார்கள். அப்புறம் சக்கர நாற்காலியில் வைத்து எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எடுக்கிற இடம் என்று தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெஞ்சு நிறைய ஆள். பண்டிகைக்கு வாங்கின புதுச்சேலையோடு, தலையில் வாடின பூவோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் யாரையும் பார்க்க மனசில்லை. நல்ல நாளில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்கிற வெட்கம் எல்லார் முகத்திலும் இருந்தது. திவ்யா மட்டும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்கள் வார்டில் கட்டில் கிடைத்தது. டாக்டர் சின்னப் பெண், கண்ணாடி போட்டவர். டெங்கு இல்லை என்று முதலில் சொன்னார். அடுத்துச் சொன்னதெல்லாம் பயமாக இருந்தது. ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று உண்டாம், அடிபட்டால் ரத்தத்தை உறைய வைப்பது அதுதான், அது எனக்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கல்லீரல் வீங்கியிருக்கிறது. நெஞ்சில் இரண்டு பக்கமும் சளி கட்டின மாதிரி வெள்ளையாக எக்ஸ்ரேயில் தெரிகிறது. இத்தனைக்கும் காரணம் எது என்று பிடிபடவில்லை.

"ஒடம்புல எங்கியாவது கறுப்பா பொருக்குத் தட்டின புண்ணு இருக்கா? சிகரெட்டால சுட்ட மாதிரி?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் பயிற்சி டாக்டர்கள் மூன்று பேர் நின்றார்கள். மூன்றும் மீசை முளைத்த பிள்ளைகள். எனக்கு இடுப்பு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது நாடாப் புண். டாக்டர் கேட்கிறது வேறு ஏதோ பெரிய புண். நாடாப் புண்ணைப் போய் நாலு பேர் நடுவில் அவிழ்த்துக் காட்டுவதா?

"அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க" என்றேன். ரொம்ப மிடுக்காகச் சொன்னேன்.

அன்றைக்குப் படுத்தவள் தூங்கவில்லை. திவ்யாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறதே, அதற்குள் போய்விடுவேனோ என்று ஒரே பயம். என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போகப் போகிறோமே என்று அழுகை வந்தது. அழுதால் மூச்சு இன்னும் திணறியது, அதனால் அழுகையை நிறுத்திக்கொண்டேன்.

விடிந்ததும் மேரி சிஸ்டர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குரல் மட்டும் வார்டின் அந்தக் கோடிக்குக் கேட்கும். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட ஆரம்பித்தவர் வயிற்றுக்கு வந்ததும் கையை நிறுத்தினார்.

"இன்னாத்துக்கும்மா நாடாவ இப்படி இறுக்கிக் கட்டிக்கினு கெடக்கற? மூச்சு வாங்கல? அவுத்து உடு."

"வேணாங்க சிஸ்டர். இருக்கட்டும்."

"இன்னா இருக்கட்டும்? சுத்தி ஸ்கிரீன் போட்டாச்சி. நானும் பொம்பளதான். எனக்கும் இடுப்பு கீது. அவுரு."

அவிழ்க்கிறவரை விடவில்லை. நாடா கீழே இறங்கினதும் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எத்தினி நாளா இருக்குது?"

"அது நாடாப் புண்ணுங்க. எங்க எல்லாருக்கும் இருக்கும்."

அவர் விரலால் புண்ணைச் சுற்றி அழுத்தினார். "வலிக்குதா?"

அப்போதுதான் நானே கவனித்தேன். வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை.

"அரிக்குதா?"

"இல்லைங்க."

"நாடாப் புண்ணா இருந்தா நான் தொட்டதுக்கு நீ கட்டில உட்டு எகிறியிருப்ப. வலிக்காத புண்ணும்மா இது. பூச்சி கடிச்ச எடம்" என்றவர் ஸ்கிரீனை விலக்கிக்கொண்டு, "டாக்டர்! பதினேழாம் நம்பருக்கு வாங்க! கெடச்சிட்டுது!" என்று கத்தினார். காணாமல் போன கம்மல் கிடைத்த மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். புல்லில் எங்கே உட்கார்ந்தீர்கள், எப்போது உட்கார்ந்தீர்கள் என்று கேட்டார். பூளைப்பூ கதையை, மடி கட்டுகிற கதையைச் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். புதர்க் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரமான புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி இருக்கும். துணியோடு ஒட்டிக்கொண்டு வந்து, துணி இறுக்கமாக இருக்கிற இடத்தில் கடிக்கும். இடுப்பு, அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு. கடித்தது தெரியாது. வலிக்காது. ஒன்றரை வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று வரிசையாகப் பிடிக்கும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் ஒரு சாதாரண மாத்திரையில் போய்விடும்.

"மழையும் பனியும் சேர்ற இந்த சீசன்ல மலையடிவாரத்துலேர்ந்து காய்ச்சல்னு வந்தா மொதல்ல இந்தப் புண்ணைத்தான் தேடுவோம். நேத்து நான் கேட்டேனேம்மா" என்றார்.

"அது புண்ணு கணக்குல வரும்னு எனக்குத் தெரியலைங்க" என்றேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. நோய் அண்டாமல் இருக்கக் கட்டுகிற பூவைப் பறிக்கப் போய் நோயை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதையும் நாடாவுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறேன். என் கெட்டிக்காரத்தனத்தை எங்கே போய்ச் சொல்வது!

ரத்தப் பரிசோதனை முடிவு வர நாளாகும், அதற்குக் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி உடனே மருந்தை ஆரம்பித்தார்கள். அன்றைக்குக் காணும் பொங்கல். ஊரே கோமுகி அணைக்குப் போய்க் கட்டுச்சோறு பிரிக்கிற நாள். நான் கையில் ஊசியோடு கிடந்தேன்.

சாயந்திரம் என் கணவர் வந்தார். ஆலையில் லோடு இறக்கின கையோடு, சட்டையில் கரும்புத் தூசியோடு அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். கால்மாட்டில் நின்று பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தலையெல்லாம் சிக்கு புடிச்சிக் கெடக்குது" என்றார். திவ்யா சாப்பாடு வாங்கப் போயிருந்தாள். என் பையில் இருந்த சீப்பை எடுத்து அவரே வார ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் தலைமுடியைத் தொட்டதில்லை அவர். டிராக்டர் ஸ்டியரிங் பிடிக்கிற கை. ஆனாலும் நுனியிலிருந்து ஆரம்பித்து, வலிக்காமல், பொறுமையாகச் சிக்கெடுத்தார். கடைசியில் ஒரு பின்னல் போட்டார் பாருங்கள், கரும்புக் கட்டை வண்டியில் இறுக்குகிற மாதிரி! எதிர்க் கட்டில் அம்மா, "யோவ், அவள லோடு ஏத்தியா அனுப்பப் போற?" என்று கேட்க, வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் சிரித்தேன்.

மருந்து ஆரம்பித்த இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. சேலை முழுக்க நனைந்தது. அதற்கு அப்புறம் காய்ச்சல் திரும்பி வரவில்லை. தலைவலி போன இடம் தெரியவில்லை. மூன்றாம் நாள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். பசித்தது. ஆஸ்பத்திரி ரொட்டியையும் பாலையும் சாப்பிட்டுவிட்டு, ரசம் சோறு வேண்டும் என்று அடம் பிடித்தேன். மேரி சிஸ்டர், "மிரட்ட ஆரம்பிச்சிட்டா, இனிமே பொழச்சிக்குவா" என்றார்.

அந்த மூன்றாம் நாள்தான், ரசம் சோறு கொண்டு வந்த திவ்யா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாள்.

"பெரிம்மா நேத்துலேர்ந்து படுத்துக்கினு இருக்குதும்மா. குளுர் காய்ச்சல். தலைய புடிச்சிக்கினு அழுவுது. பொங்க அலுப்புன்னு கஷாயம் வெச்சிக் குடுத்தாங்க."

சோற்றைத் தள்ளி வைத்தேன். நான் உட்கார்ந்த அதே புல்லில்தான் கோவிந்தம்மாவும் உட்கார்ந்தாள். அவளும்தான் மடி கட்டினாள். என்னைவிட இரண்டு நாள் ஜாஸ்தியாகவே பறிக்கப் போனாள். எனக்குக் கொட்டகையில் விழுகிற வரைக்கும் ஒரு வாரம் ஆனது. அவளுக்குச் சர்க்கரை வியாதி வேறு உண்டு. அவள் என்னளவுக்குத் தாங்க மாட்டாள்.

"போன் போடுடி" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே."

"போடுன்னா போடு."

கோவிந்தம்மா எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னா?"

"அக்கா, நான் சுமதி. ஒடம்புல எங்கியாவது கறுப்பா புண்ணு கீதா பாரு. இடுப்புல, அக்குள்ல, மாருக்குக் கீழ."

"உன் வேலையப் பாத்துக்கினு போ. உனுக்கு வந்தா எனக்கும் வரணுமா? அலுப்புடி இது. ரெண்டு நாளு படுத்து எழுந்தா சரியாப் பூடும்."

"நானும் இதத்தான் சொன்னேன். சொல்லிட்டுத்தான் மாட்டுக் கொட்டாயில உழுந்தன். கதவ சாத்திட்டு நாடாவ அவுத்துப் பாரு."

"சீ! இன்னா பேச்சு பேசற? எங்க வூட்டுக்காரரு பக்கத்துல கீறாரு."

"இருந்தா வெளிய போகச் சொல்லு! எனக்கும் வெக்கம்தான். வெக்கப்பட்டுக்கினு, டாக்டரு கேட்டதுக்கு இல்லன்னு பொய் சொல்லி, சாவற எடத்துக்குப் போயிட்டு வந்தன். உனுக்குச் சக்கர வேற கீது. நீ என்ன நடிக்கறன்னு சொன்ன, நான் அத மறக்க மாட்டேன், சண்ட போடறதுக்கு எனக்கு நீ வேணும். அவுத்துப் பாருக்கா!"

கத்தியிருக்கிறேன். வார்டில் நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். பார்க்க வந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"சுமதி" என்றாள். குரல் மாறியிருந்தது. "வலது பக்கம் ஒன்னு கீதுடி. நாடா கட்ற எடம்தான். நாடாப் புண்ணுதான் இது."

"அழுத்திப் பாரு. வலிக்குதா?"

மூச்சு மட்டும் கேட்டது.

"வலிக்கலடி" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். புறநோயாளிப் பிரிவில் டாக்டர் பார்த்து, அதே நோய்தான் என்று சொல்லி, ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் கட்டில்கூட வேண்டாம், மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம், மூன்றாம் நாள் வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார். கோவிந்தம்மா மாத்திரைக் கவரோடு என் கட்டிலுக்கு வந்து நின்றாள். உட்காரவில்லை.

"நேத்து நீ போன் பண்ணலன்னா நான் இன்னும் நாலு நாளு படுத்துக்கினு இருப்பேன்" என்றாள். "டாக்டரு கேட்டாங்க, உங்குளுக்கு எப்படித் தெரியும்னு. என் ஓரகத்தி கண்டுபுடிச்சான்னு சொன்னன்."

இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் வெளி ஆளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. மாத்திரையை அங்கேயே ஒன்று விழுங்கச் சொன்னேன். வெறும் வயிற்றில் போடக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்ட உடனே படுக்கக்கூடாது, நெஞ்சு எரியும். மேரி சிஸ்டர் எனக்குச் சொன்னதை எல்லாம் நான் அவளுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மூட்டை தூக்கச் சொன்னால்கூட அன்றைக்குக் கேட்டிருப்பாள்.

"ஊருல கேப்பாங்களே, இன்னான்னு சொல்றது?" என்றாள் போகும்போது.

"உள்ளத சொல்லு. நாடாவ அவுத்துப் பாருங்கன்னு சொல்லு."

சொல்லியிருக்கிறாள். போகிற வழியில் ஷேர் ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாளாம். கோவிந்தம்மா வாய்க்கு மைக் தேவையில்லை.

ஏழாம் நாள் எனக்கு டிஸ்சார்ஜ். மேரி சிஸ்டர் காகிதத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார். பூப் பறிக்கவோ புல்லறுக்கவோ போனால் மடி கட்டாதே, கோணியை விரித்து அதன் மேல் உட்கார். முழுக்கைச் சட்டை போடு, சேலைக்குள் பேண்ட் போடு. துணியைப் புதர் மேல் காயப்போடாதே. வந்த உடனே சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளி, கட்டின துணியை வெந்நீரில் ஊறப்போடு. பண்டிகையாக இருந்தாலும் சரி, கரிநாளாக இருந்தாலும் சரி, காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வா. வந்து, கேட்கிறதுக்கு உண்மையைச் சொல். கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது என் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார்.

வீட்டுக்கு வந்து இறங்கியபோது வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். விசாரித்தார்கள்தான், ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தம்மா வாசல் பக்கம் போய், "ஆம்பளைங்க யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

காலில் இன்னும் நடுக்கம் இருந்தது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருத்தியாக என் முன்னால் வந்து நாடாவைத் தளர்த்தினார்கள். சிரிப்பும் கூச்சமுமாக இருந்தது வீடு. ஒன்பது பெண்களின் இடுப்பைப் பார்த்தேன். கறுத்த தடம் எல்லோருக்கும் இருந்தது. புண் நாலு பேருக்கு. மேரி சிஸ்டர் செய்த மாதிரியே விரலால் அழுத்தினேன். மூன்று பேர் "ஐயோ, யம்மா!" என்று துள்ளினார்கள்.

நாலாவது ஆள் கோடி வீட்டு மருமகள் ரேவதி. மாட்டுக்குப் புல்லறுக்கப் போகிறவள். மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. இரண்டு நாளாக உடம்பு சுடுகிறது என்று மாமியாரிடம் சொல்லவில்லையாம். நான் அழுத்தினேன். சும்மா நின்றாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். "வலிக்கலைக்கா" என்றாள்.

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"கொழந்தையத் தூக்கிக்கோ, ரேவதி. நானும் வர்றன்" என்றேன்.